அக்கினி இல்லாத மணவறையில் யார் சாட்சி?

திருமணம் இருவர் எடுக்கும் முடிவுதான். ஆனால் அது நடந்தது என்று ஊர் ஏற்றுக்கொண்டால்தான் அதற்கு உறுதி கிடைக்கிறது. சொத்துத் தகராறு வரும்போதும், குழந்தையின் பிறப்பைப் பற்றிப் பேச்சு எழும்போதும், கணவன் இன்னொருத்தியை மணந்துகொண்டு வந்து நிற்கும்போதும், “இதற்கு யார் சாட்சி?” என்று கேட்கிறார்கள். அக்கினி, மந்திரம், புரோகிதர் என்று அதற்குப் பதில் சொல்லிப் பழகிய சமூகத்தில், 1928 முதல் சிலர் இந்த மூன்றும் இல்லாமலே மணம் செய்துகொள்ளத் தொடங்கினார்கள். அவர்களுடைய திருமணங்கள் செல்லும் என்று சட்டமன்றம் சொன்னது 1967-இல். இடைப்பட்ட ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அவற்றைத் தாங்கிப் பிடித்தது எது? கூடியிருந்த மக்களும், அவர்கள் கண்டதை ஊரறியச் செய்த அச்சு ஏடும்தான் என்பது என் வாதம். மதத்தைப் பற்றிய ஒருவரது கருத்து அவர் மனத்துக்குள் ஒரே இரவில் மாறிவிடலாம். அந்தக் கருத்து நடைமுறையாக வேண்டுமானால், பிறர் கண்டு நம்பக்கூடிய பொதுச் சாட்சியம் வேண்டும். சுயமரியாதைத் திருமணம் என்று பெயர் பெற்ற இந்த மணமுறையின் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

சடங்குகள் என்றும் ஒன்றுபோல இருந்ததில்லை. அகநானூற்றின் 86, 136 ஆகிய பாடல்கள் இரண்டு திருமணங்களை விரிவாகக் காட்டுகின்றன. பந்தல் உண்டு, புதுமணல் உண்டு, விருந்து உண்டு. முதல் பாடலில் பிள்ளை பெற்ற பெண்கள் நால்வர் மணப்பெண்ணை நீராட்டி வாழ்த்துகிறார்கள். தீயை வலம்வருவதும் இல்லை, மந்திரம் ஓதுபவரும் இல்லை. பின்னர் எழுந்த சிலப்பதிகாரத்திலோ, கோவலனும் கண்ணகியும் முதிய பார்ப்பான் வழிகாட்டத் தீவலம் செய்கிறார்கள். சுயமரியாதை இயக்கத்தார் பழைய பாடல்களைச் சுட்டி, தாங்கள் செய்வது தமிழர் பண்டைய வழக்கமே என்று வாதிட்டதுண்டு. பழமையானது என்பதாலேயே ஒன்று சரியாகிவிடாது. ஆகவே அந்த வாதத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் இந்தப் பாடல்கள் வேறொன்றை உறுதியாகச் சொல்கின்றன. திருமணத்தின் சாட்சி காலந்தோறும் மாறியிருக்கிறது. உறவுப் பெண்களின் வாழ்த்து சாட்சியாக இருந்த இடத்துக்குத் தீயும் மந்திரமும் வந்தன. புரோகிதரை அழைக்காமல் சாதிப் பெரியவர்களை முன்வைத்துத் தாலி கட்டிய சமூகங்களும் பல இருந்தன. எனவே 1928-இல் நடந்தது, எப்போதும் அசையாமல் கிடந்த ஒன்றை முதன்முதலாக அசைத்த செயலாகாது. சாட்சியை மாற்றும் உரிமை மணமக்களுக்கே உண்டு என்று வெளிப்படையாக அறிவித்ததுதான் அதன் புதுமை.

திருமணச் சீர்திருத்தத்துக்கும் பத்திரிகைக்கும் உள்ள உறவு சென்னை மாகாணத்தில் அதற்கும் முந்தியது. விதவை மறுமணத்தை அனுமதிக்கும் சட்டத்தை ஆங்கிலேய அரசு 1856-இலேயே கொண்டுவந்துவிட்டது. சட்டம் வந்தது, திருமணங்கள் பெரிதாக வரவில்லை. கால் நூற்றாண்டு கழிந்த பிறகு, 1881 டிசம்பரில், ராஜமுந்திரியில் கந்துகூரி வீரேசலிங்கம் ஒரு விதவைக்கு மறுமணம் செய்துவைத்தார். அவர் 1874 முதல் ‘விவேகவர்த்தினி’ என்ற தெலுங்கு ஏட்டை நடத்தி வந்தவர். அந்த ஆண்டுகளில் அவர் தயார் செய்தது மணமக்களை மட்டுமல்ல, வாசகர்களையும்தான். ‘தி ஹிந்து’வின் நிறுவனர்களில் ஒருவரும், 1882-இல் ‘சுதேசமித்திரன்’ தொடங்கியவருமான ஜி. சுப்பிரமணிய ஐயர், இளமையிலேயே கணவனை இழந்த தம் மகளுக்கு 1889-இல் பம்பாயில் மறுமணம் செய்துவைத்தார். அதற்காக உறவினரும் சாதியாரும் அவரை ஒதுக்கினார்கள். எழுதியதைத் தம் வீட்டில் நடத்திக்காட்டிய ஆசிரியரின் எழுத்துக்குத் தனி மதிப்பு உண்டு. வடக்கே, 1873-இல் பூனாவில் சத்தியசோதக் சமாஜத்தைத் தொடங்கிய ஜோதிராவ் புலே, அதே ஆண்டில் புரோகிதர் இல்லாத திருமணத்தை நடத்தினார். அந்த இயக்கத்தின் குரலாக 1877-இல் ‘தீனபந்து’ ஏடு வந்தது. திருமணத்தை மாற்ற விரும்பியவர்கள் எங்கெங்கும் அச்சகத்தைத் தேடிப் போயிருக்கிறார்கள். புதிய வழக்கத்தைத் தொடங்குபவருக்குத் தம் ஊரில் ஆதரவு இருப்பதில்லை. தம்மைப் போன்றவர்கள் வேறு ஊர்களில் இருக்கிறார்கள் என்று அவருக்குச் சொல்ல ஏடு ஒன்றே இருந்தது.

வீரேசலிங்கமும் சுப்பிரமணிய ஐயரும் சாஸ்திரத்தின் எல்லைக்குள் நின்று வாதிட்டவர்கள். மறுமணத்துக்குச் சாஸ்திரத்தில் இடமுண்டு என்று காட்டி, மந்திரத்தோடும் அக்கினியோடும்தான் அதை நடத்த முயன்றார்கள். 1920-களில் தமிழ்நாட்டில் எழுந்த கேள்வி அந்த எல்லையைத் தாண்டியது. அதற்கு ஓர் அவநம்பிக்கை பின்னணியாக இருந்தது. திருநெல்வேலிச் சீமையில், வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலம் தேசிய நிறுவனம் என்ற பெயரில் பொதுப்பணம் பெற்றது. காங்கிரஸ் கட்சியும் நிதி கொடுத்தது. அங்கே பிராமண மாணவர்களுக்குத் தனியாக உணவு பரிமாறப்பட்ட செய்தி வெளிவந்தபோது, பி. வரதராஜுலு நாயுடு தம் ‘தமிழ்நாடு’ பத்திரிகையில் அதைக் கடுமையாக எழுதினார். விடுதலையைப் பேசும் ஏடுகள் எல்லாம் சமபந்தியைப் பேசுவதில்லை என்பதைப் படித்தவர்கள் கண்டுகொண்டார்கள். பத்திரிகை என்பதற்காகவே ஒன்றை நம்புவதற்கில்லை, அது யாருக்காகப் பேசுகிறது என்று பார்க்க வேண்டும் என்ற விழிப்பு அப்போது பரவியது. அந்தச் சூழலில்தான் 1925 மே 2 அன்று ஈரோட்டிலிருந்து ‘குடி அரசு’ வார ஏடாக வெளிவந்தது. அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் அந்த ஏட்டின் ஆசிரியரும் பின்னர் சுயமரியாதை இயக்கத்தை வழிநடத்தியவருமான ஈ.வெ. ராமசாமி காங்கிரசிலிருந்து வெளியேறினார். அந்த ஏட்டின் அலுவலகத்தைத் திறந்துவைத்தவர் திருப்பாதிரிப்புலியூர் ஞானியாரடிகள் என்ற சைவத் துறவி. பின்னாளில் நாத்திகத்தின் முழக்கமாக ஆன ஏடு ஒரு மடாதிபதியின் வாழ்த்தோடு பிறந்தது என்பது, கருத்து மாற்றம் படிப்படியாக நிகழ்வது என்பதற்கு நல்ல அடையாளம். முதல் இதழிலேயே கடவுள் மறுப்பு இல்லை. அதன் ஆசிரியர் தம் பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப்பட்டத்தை நீக்கிக்கொண்டதும் 1927-இன் இறுதியில்தான். வாசகர்கள் கண்ணெதிரே அந்த ஏடு தன்னை மாற்றிக்கொண்டே வந்தது. வாசகர்களும் அதோடு மாறினார்கள்.

முதல் சுயமரியாதைத் திருமணம் என்று இயக்க வரலாறுகள் குறிப்பது, 1928 மே 28 அன்று அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தம் என்ற சிற்றூரில் நடந்தது. சென்னையிலோ மதுரையிலோ இது தொடங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மறு ஆண்டு பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதல் மாகாண சுயமரியாதை மாநாடு டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் கூடியது. பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை, பதினாறு வயதுக்கு மேல்தான் பெண்ணுக்குத் திருமணம், விரும்பாத மணத்தை முறித்துக்கொள்ளும் உரிமை, துணையைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமை ஆகியவை அங்கே தீர்மானங்களாயின. 1929 டிசம்பரில் குத்தூசி குருசாமியும் குஞ்சிதமும் சாதி கடந்து மணந்துகொண்டது பெரிதாகப் பேசப்பட்டது. இத்திருமணங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. சிலவற்றில் தாலி இருந்தது, சிலவற்றில் இல்லை. சிலர் வேண்டுமென்றே இராகு காலத்தில் நடத்தினார்கள். சிலர் நேரத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்தவை மூன்று: தலைமை வகிக்க ஒருவர், மணமக்கள் தம் வாயால் சொல்லும் உறுதிமொழி, கூடியிருக்கும் மக்கள். தலைமை வகிப்பவர் எந்தச் சாதியினராகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். புரியாத மொழியில் ஓதப்பட்ட மந்திரத்தின் இடத்தில் புரிகிற மொழியில் சொற்பொழிவு வந்தது. மணப்பந்தல் பொதுக்கூட்ட மேடையானது என்று எதிர்ப்பாளர்கள் குறைபட்டார்கள். அவர்கள் குறையாகச் சொன்னதுதான் இதன் உயிர்நாடி. கடவுளைச் சாட்சியாக்காத திருமணத்துக்குப் பொதுமக்களைத் தவிர வேறு சாட்சி கிடையாது. ஆகவே அது பொதுக்கூட்டமாகத்தான் இருந்தாக வேண்டும்.

கூட்டம் கலைந்த பிறகு அந்தச் சாட்சியம் என்னவாகும்? இங்கேதான் ஏடு வருகிறது. ‘குடி அரசு’ இத்திருமணங்களின் செய்தியை வாரந்தோறும் வெளியிட்டது. இன்ன ஊரில், இன்னாருக்கும் இன்னாருக்கும், இன்னார் தலைமையில் நடந்தது, இன்னின்னார் பேசினார்கள் என்ற விவரங்கள் அதில் இருந்தன. படிக்கச் சுவையற்ற செய்திகள்தாம் அவை. ஆனால் அரசுப் பதிவேட்டில் இடமில்லாத திருமணங்களுக்கு அவைதான் பதிவேடு. இந்தச் செய்திகள் நம்பிக்கை பெற்ற விதத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கருத்துக்கட்டுரையை ஏற்கலாம், மறுக்கலாம். “இன்ன ஊரில் இன்ன நாளில் இவர்கள் மணந்தார்கள்” என்ற செய்தியோ சரிபார்க்கத்தக்கது. பக்கத்து ஊர்க்காரர் போய்ப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். பொய் எழுதியிருந்தால் அடுத்த வாரமே ஊர் சிரித்திருக்கும். அக்காலச் சென்னை மாகாணத்தில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கே எழுத்தறிவு இருந்தது. ஆகவே பத்திரிகையை ஒருவர் வாய்விட்டு வாசிக்கப் பலர் கேட்பதே வழக்கம். முடிதிருத்தகங்களும் தேநீர்க் கடைகளும் படிப்பகங்களும் அப்படிப்பட்ட இடங்கள். அங்கே ஒரு செய்தியை வாசித்து முடித்தவுடன் விவாதம் எழும். கேட்பவர்களில் ஒருவருக்கு அந்த ஊரைத் தெரிந்திருக்கும். ஏடு சொன்னதை மக்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை. கேட்டு, கேள்வி எழுப்பி, ஊர்ப்பெயரையும் ஆள்பெயரையும் அடையாளம் கண்டு நம்பினார்கள். தாம் சொல்வதைத் தம் பெயருக்காக ஏற்க வேண்டாம், சொந்த அறிவைக்கொண்டு ஆராய்ந்து ஏற்க வேண்டும் என்று ஈ.வெ.ரா. திரும்பத் திரும்ப வலியுறுத்தியது இந்த வாசிப்பு முறையோடு பொருந்தியிருந்தது.

இதற்கு எதிராக எழும் முதல் மறுப்பு நியாயமானது. ‘குடி அரசு’ ஓர் இயக்கத்தின் ஏடு. அது தன் இயக்கத்தின் திருமணங்களைப் புகழ்ந்துதான் எழுதும். அதை எப்படிச் சாட்சியம் என்று கொள்வது? அந்த ஏடு நடுநிலையானதல்ல என்பதை நான் மறுக்கவில்லை. தனக்கொரு பக்கம் உண்டு என்று அது ஒருபோதும் மறைத்ததில்லை. பக்கச்சார்பும் பொய்யும் வெவ்வேறானவை. தான் எந்தப் பக்கம் நிற்கிறது என்று அறிவித்துவிட்டுப் பெயரும் ஊரும் சொல்லி எழுதும் ஏட்டை வாசகர் எடைபோட முடியும். பொதுவானது என்று சொல்லிக்கொண்டு சிலவற்றை எழுதாமலே விடும் ஏட்டை எடைபோடுவதுதான் கடினம்; எழுதாமல் விட்டது என்னவென்று வாசகருக்குத் தெரியாது. மேலும் ‘குடி அரசு’ தனியாகப் பேசிக்கொண்டிருக்கவில்லை. திரு.வி. கலியாணசுந்தரனாரின் ‘நவசக்தி’ அதோடு மோதியது. சைவப் புலவர்கள் மேடையில் பேசியும் ஏட்டில் எழுதியும் மறுத்தார்கள். எதிரி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிக்கும்போது எழுதுபவர் கவனமாக எழுதியே தீர வேண்டும். 1933-இல் அரசாங்கத்தைக் கண்டித்து எழுதிய தலையங்கத்துக்காக ஆசிரியர் ஈ.வெ.ரா.வும், வெளியீட்டாளரான அவர் தங்கை கண்ணம்மாளும் சிறை சென்றார்கள். எழுதியதற்கு விலை கொடுப்பவர்களின் எழுத்தை மக்கள் கூடுதலாக நம்பியதில் வியப்பில்லை. துன்பப்பட்டார் என்பதால் ஒருவர் சொன்னது உண்மையாகிவிடாது; ஆனால் ஆதாயத்துக்காகச் சொன்னார் என்ற ஐயம் அதனால் நீங்கும்.

இரண்டாவது மறுப்பு இறைப்பற்று உள்ளவர்களுடையது. அக்கினி முன்னிலையில் சொன்ன சொல்லை மீற மனிதன் அஞ்சுவான். கடவுளை நீக்கிவிட்டால் திருமணம் வெறும் ஒப்பந்தமாகிவிடும் என்பது அது. இதை இகழ்ந்து ஒதுக்குவது சரியல்ல. தெய்வத்தின் முன் சொன்ன சொல் பலருக்கு உண்மையிலேயே உரமாக இருக்கிறது. ஆனால் சாட்சிக்கு அஞ்சிக் கடமை செய்ததற்கு வரலாறு எத்தனை சான்று தருகிறது? அக்கினி சாட்சியாக மணந்த ஆண்கள் இரண்டாம், மூன்றாம் மனைவியைத் தேடிக்கொள்ள 1949 வரை சென்னை மாகாணத்தில் தடை இருந்ததில்லை. அக்கினி சாட்சியாக மணமுடிக்கப்பட்ட சிறுமிகள், அவர்கள் விவரம் அறியும் முன்பே விதவையானார்கள். சடங்கின் புனிதம் பெண்ணைக் காப்பாற்றவில்லை. ஒப்பந்தம் என்ற சொல்லை இயக்கத்தார் விரும்பி ஏற்றதற்கும் இதுதான் காரணம்: ஒப்பந்தத்தில் இரு தரப்புக்கும் சம்மதம் வேண்டும், இரு தரப்புக்கும் உரிமை உண்டு. மேலும் மதம் வேறு, புரோகிதம் வேறு என்பதைச் சமயவாதிகளே பலர் உணர்ந்திருந்தார்கள். ஆழ்ந்த சைவப் பற்றுள்ள திரு.வி.க. பெண் விடுதலைக்காக எழுதியவர். அவருடைய ‘பெண்ணின் பெருமை’ 1927-இல் வந்தது. ஈரோட்டாரோடு அவருக்கு இருந்த பிணக்கு கடவுளைப் பற்றியது. பெண்ணின் சம்மதம் தேவையா என்பதில் அவ்வளவு பிணக்கு இல்லை. பக்திமான் ஒருவரும் பகுத்தறிவாளர் ஒருவரும் ஒரே சீர்திருத்தத்துக்கு இருவேறு வழியில் வந்து சேர முடியும். மெல்ல நடக்கும் மாற்றத்தின் பெரிய நன்மை, இப்படி வந்து சேர்வதற்கு அது அவகாசம் கொடுப்பதுதான்.

அவகாசத்துக்கு ஒரு விலையும் உண்டு. அதைப் பெரும்பாலும் கொடுத்தவர்கள் பெண்களும் குழந்தைகளும். சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர்களுக்கு அக்காலத்தில் சட்டப் பாதுகாப்புக்கு ஒரு வழி இருந்தது: 1872-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். பிரம்ம சமாஜத்தாரின் கோரிக்கையால் பிறந்த அந்தச் சட்டத்தில் மணம்புரிய, தாம் இந்துவோ முஸ்லிமோ கிறித்தவரோ அல்ல என்று அறிவிக்க வேண்டியிருந்தது. 1923-இல் அது ஓரளவு தளர்த்தப்பட்டாலும் சிக்கல்கள் தீரவில்லை. சிற்றூரில் வாழும் விவசாயிக்கும் நெசவாளிக்கும் பதிவு அலுவலகம் எட்டாத தூரத்தில் இருந்தது. ஆகவே பெரும்பாலோர் மக்களையும் ஏட்டையும் நம்பியே மணந்தார்கள். 1953-இல் அந்த நம்பிக்கைக்குப் பேரடி விழுந்தது. 1934-இல் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணம் தொடர்பாகத் தெய்வானை ஆச்சி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. வழக்கம் என்றால் அதற்குத் தொன்மை வேண்டும். ஒரு குழுவினர் கூடித் தமக்கென்று புதிய மணமுறையை உருவாக்கிக்கொண்டு அதைச் சட்டம் ஏற்க வேண்டும் என்று கேட்க முடியாது. அது சட்டமன்றத்தின் வேலை என்பது தீர்ப்பின் சாரம். ஊரறிய மணந்து இருபது ஆண்டுகள் வாழ்ந்த தம்பதிகள், சட்டத்தின் கண்ணில் மணமாகாதவர்கள் ஆனார்கள். 1955-இல் வந்த இந்து திருமணச் சட்டத்தின் 7-ஆவது பிரிவும் மணமக்களில் ஒருவரது தரப்பின் மரபுச் சடங்குகளையே கேட்டது. புது வழக்கம் பழையதாகும் வரை காத்திரு என்று சட்டம் சொன்னது; பழையதாவதற்குள் அதைக் கடைப்பிடித்தவர்கள் என்ன ஆவார்கள் என்பதற்கு அதனிடம் பதில் இல்லை.

பதில் சட்டமன்றத்திலிருந்து வந்தது. 1967 மார்ச்சில் முதலமைச்சரான சி.என். அண்ணாதுரையின் அரசு அந்த ஆண்டிலேயே இந்து திருமணச் சட்டத்துக்குச் சென்னை மாநிலத் திருத்தத்தை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அது சேர்த்த 7அ பிரிவைப் படித்தால், நாற்பது ஆண்டு நடைமுறை அப்படியே சட்ட மொழிக்கு மாறியிருப்பது தெரியும். உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், மணமக்கள் தமக்குப் புரிந்த மொழியில் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்பதாக அறிவிக்கலாம். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் அணிவிக்கலாம். அல்லது தாலி கட்டலாம். இவற்றில் ஏதேனும் ஒன்று போதும். புரோகிதர் தேவையில்லை, தீ தேவையில்லை. இருக்க வேண்டிய சாட்சி மனிதர்கள். தாலியை விரும்புபவருக்கும் இடமுண்டு, வேண்டாதவருக்கும் இடமுண்டு. 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் போல மதத்தைத் துறக்கவும் சொல்லவில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது, சில விதிவிலக்குகளோடு, இதற்கு முன் நடந்த இத்தகைய திருமணங்களும் அவை நடந்த நாளிலிருந்தே செல்லும் என்று அது அறிவித்தது. வாழ்வின் பெரும்பகுதியைச் சட்டத்தின் சந்தேகப் பார்வையில் கழித்த முதியவர்கள், தாங்கள் என்றைக்கு மணந்தோம் என்று சொன்னார்களோ அன்றைக்கே மணந்தவர்களாக ஏற்கப்பட்டார்கள்.

அப்படியானால் மாற்றத்தைச் செய்தது ஆட்சி அதிகாரம்தானே, ஏட்டுக்கும் மக்கள் நம்பிக்கைக்கும் அதில் என்ன பங்கு என்று கேட்கலாம். 1856-ஐ நினைத்துப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். விதவை மறுமணத்துக்குச் சட்டம் முதலில் வந்தது. அதை நம்பி மணக்க அதிகம் ஆளில்லை. சுயமரியாதைத் திருமணத்தில் மணந்தவர்கள் முதலில் வந்தார்கள், சட்டம் அவர்கள் பின்னால் வந்தது. முதலாவது ஏட்டுச் சுரைக்காயாகப் பல்லாண்டு கிடந்தது; இரண்டாவது வந்த அன்றே பல குடும்பங்களுக்குப் பயன்பட்டது. மக்களிடம் வேர்விட்ட நம்பிக்கை இல்லாத சட்டம் செயலற்றது, சட்டம் இல்லாத நம்பிக்கை பாதுகாப்பற்றது என்ற இரண்டும் உண்மை. ஆனால் எது முதலில் வர வேண்டும் என்று கேட்டால், இந்த இரண்டு வரலாறுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது நம்பிக்கை என்றே நான் சொல்வேன். செங்கல்பட்டுத் தீர்மானங்களின் பயணமும் இதையே சொல்கிறது. 1929-இல் அங்கே கேட்ட பெண்களின் சொத்துரிமை, பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்ற வடிவில் தமிழ்நாட்டில் 1989-இல் சட்டமானது; நாடு முழுவதற்கும் அது 2005-இல்தான் வந்தது. அறுபது ஆண்டுகளும் அதற்கு மேலும் அந்தக் கோரிக்கை உயிரோடிருந்தது என்றால், யாரோ அதை எழுதிக்கொண்டும் வாசித்துக்கொண்டும் இருந்தார்கள் என்று பொருள்.

இதைவிடக் கடுமையான மறுப்பு ஒன்று உண்டு. இத்தனைக்குப் பிறகும் தமிழ்நாட்டுத் திருமணங்களில் பெரும்பான்மை புரோகிதரையும் முகூர்த்த நேரத்தையும் விடவில்லை. சீர்திருத்தத் திருமணம் என்று பெயர் வைத்துக்கொண்டு சொந்தச் சாதியிலேயே பெண்ணெடுப்பவர்களும் வரதட்சணை வாங்குபவர்களும் உண்டு. சாதி மாறி மணந்ததற்காக 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் ஓர் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். அப்படியானால் என்னதான் மாறியது? இந்தக் கேள்விக்கு மழுப்பலான பதில் சொல்வது அந்த வரலாற்றுக்கே அவமதிப்பு. சடங்கை மாற்றியது எளிது. சாதியை மாற்றுவது அவ்வளவு எளிதாக இல்லை. இயக்கம் இரண்டையும் ஒரே மூச்சில் பேசியது. சமூகம் முதலாவதை எடுத்துக்கொண்டு இரண்டாவதைத் தள்ளிவைத்தது. இதில் பத்திரிகைகளுக்கும் பங்குண்டு. தலையங்கத்தில் சாதியைக் கண்டித்துவிட்டு, மணமகன் மணமகள் தேவை விளம்பரங்களைச் சாதிவாரியாகப் பிரித்து அச்சிடும் ஏடுகளை நாம் ஞாயிறுதோறும் பார்க்கிறோம். மக்கள் தலையங்கத்தை நம்புவதா, விளம்பரப் பக்கத்தை நம்புவதா? ஊடகத்தின் மீது நம்பிக்கை குறைந்துவிட்டது என்று வருந்துகிறவர்கள் இங்கிருந்து தொடங்கலாம். ஆனாலும் மாறியது ஒன்றுண்டு, அது சிறியதல்ல. குடும்பம் மறுத்தாலும், பூசாரி மறுத்தாலும், ஊர் மறுத்தாலும், இருவர் சட்டப்படி கணவன் மனைவியாவதற்கு ஒரு வழி இருக்கிறது. பெரும்பான்மை அந்த வழியில் நடக்காவிட்டாலும், நடக்க வேண்டியவருக்கு அது திறந்திருக்கிறது.

அந்த வழி எவ்வளவு திறந்திருக்கிறது என்ற வழக்கு அண்மையில் மீண்டும் சாட்சியைப் பற்றிய கேள்வியாகவே வந்தது. வழக்கறிஞர் அலுவலகங்களில் யாரும் அறியாமல் நடத்தப்படும் திருமணங்கள் 7அ பிரிவின்கீழ் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2014-இல் கூறியது. திருமணம் பலர் அறிய நடக்க வேண்டும் என்பது அதன் பார்வை. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த நிலைப்பாட்டை ஏற்க மறுத்தது. குடும்பத்தின் எதிர்ப்புக்கும் மிரட்டலுக்கும் அஞ்சி நிற்கும் இருவரை ஊரறிய அறிவித்துத்தான் மணக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது அவர்கள் உயிருக்கே ஆபத்தாக முடியலாம் என்று அது கருதியது. நான் இதுவரை சொல்லி வந்த வாதத்துக்கு இது எதிரானது போலத் தோன்றலாம். 1930-களில் பெயரையும் ஊரையும் அச்சிட்டு ஊரறியச் செய்தது பாதுகாப்பாக இருந்தது. இன்று அதே அறிவிப்பு கொலைகாரனுக்கு முகவரி கொடுப்பதாகிவிடுகிறது. அன்று அச்சில் வந்த பெயருக்குப் பின்னால் ஓர் இயக்கமும் அதன் தோழர்களும் நின்றார்கள். இன்று ஒரு நிமிடத்தில் ஆயிரம் கைபேசிகளுக்குப் போய்ச் சேரும் புகைப்படத்துக்குப் பின்னால் யாரும் நிற்பதில்லை. செய்தி பரவும் வேகம் பன்மடங்கு கூடியிருக்கிறது. சாட்சி என்பவரோ, பார்த்ததோடு நின்றுவிடாமல், பார்த்ததற்குப் பொறுப்பேற்பவர். அந்தப் பொறுப்பில்லாத விளம்பரத்தைச் சாட்சியத்தின் இடத்தில் வைக்க முடியாது என்பதால், உச்ச நீதிமன்றத்தின் முடிவு சரியானது என்றே கருதுகிறேன்.

மதத்தைப் பற்றி ஒருவர் என்ன நினைக்க வேண்டும் என்று இந்த வரலாறு கட்டளையிடவில்லை. நம்புகிறவர் நம்பிக்கையோடும், மறுக்கிறவர் மறுப்போடும் ஒரே சட்டத்தின்கீழ் மணந்துகொள்ள வழி செய்ததே அதன் சாதனை. மெல்லத்தான் மாற்றம் வரும் என்ற சொல்லைச் சோம்பலுக்குச் சாக்காக்கவும் அது இடம்தரவில்லை. மெல்ல வந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் எவரோ ஒரு பெண் தன் உரிமையையும் எவரோ ஒரு குழந்தை தன் பெயரையும் விலையாகக் கொடுத்திருக்கிறார்கள். பத்திரிகைக்கும் ஊடகத்துக்கும் அது ஓர் அளவுகோலை விட்டுச்சென்றிருக்கிறது. உன் பக்கம் எது என்று சொல். யார், எங்கே, எப்போது என்று சரிபார்க்கும்படி எழுது. எழுதியதில் உன் பெயர் இருக்கட்டும். நீ வெளியிட்டவருக்கு இடர் வந்தால் அவர் பக்கம் நில். ஈரோட்டில் ஒரு சிறிய வார ஏடு இந்த அளவுக்குப் பல ஆண்டுகள் ஈடுகொடுத்தது. அதைவிட ஆயிரம் மடங்கு வசதியுள்ள இன்றைய ஊடகங்களிடம் அதே அளவைக் கேட்பது வாசகரின் உரிமை. கேட்காமல் விட்டால் தவறு வாசகருடையதும்தான்.